பூமிச் சூட்டிலிருந்து மின்சாரம்: ஒரு புவிவெப்ப வயலைத் தேடுவது முதல் காப்பது வரை

கென்யாவில் நைவாஷா ஏரிக்குத் தெற்கே இருக்கிறது ஓல்காரியா. 1950களின் பிற்பாதியில் அங்கே இரண்டு ஆழ்கிணறுகள் போட்டார்கள். அடியில் நல்ல சூடு இருந்தது, ஆனால் இரண்டு கிணறுகளும் உற்பத்திக்குத் தேறவில்லை. வேலை அப்படியே நின்றது. 1970-ல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு திரும்பவும் அதே நிலத்துக்கு வந்தார்கள். இந்த முறை முதலில் நிலத்தைப் படித்துவிட்டு, அப்புறம் துளை போட்டார்கள். 1981-ல் அங்கே 15 மெகாவாட் நிலையம் ஓடத் தொடங்கியது. இன்று கென்யாவின் மின்சாரத்தில் 40 விழுக்காட்டுக்கு மேல் புவிவெப்பத்திலிருந்து வருகிறது. அதில் பெரும்பங்கு ஓல்காரியாவுடையது.

ஒரு புவிவெப்ப வயல், அதாவது அடிச்சூட்டை மேலே எடுத்துப் பயன்படுத்தக்கூடிய நிலப்பகுதி, எப்படி உருவாகிறது, அதை எந்த வரிசையில் அணுக வேண்டும் என்பதை ஓல்காரியாவை முன்வைத்து எழுதுகிறேன். கணக்கு வரும் இடங்களில் கணக்கையும் போட்டுக் காட்டியிருக்கிறேன். பள்ளிக்கூடத்து இயற்பியல் தெரிந்திருந்தால் போதும்.

தொடங்கும் முன்: நான்கும் ஒரே இடத்தில் சேர வேண்டும்

பூமிக்குள் போகப் போகச் சூடு ஏறும். சாதாரண நிலத்தில் ஒரு கிலோமீட்டருக்கு 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை ஏறும். பூமி உருவானபோது சிக்கிக்கொண்ட வெப்பமும், யுரேனியம், தோரியம், பொட்டாசியம் ஆகியவற்றின் கதிரியக்கச் சிதைவும்தான் காரணம். ஆக, சூடு எங்கும் உண்டு. ஆனால் அந்தக் கணக்கில் 250 டிகிரியைத் தொட எட்டுக் கிலோமீட்டருக்கு மேல் இறங்க வேண்டும். அவ்வளவு ஆழத்துக்குக் கிணறு போட்டால் முதல் திரும்பாது.

அதனால் நான்கு விஷயங்கள் கூடியிருக்கும் இடத்தைத் தேட வேண்டும்: ஆழம் குறைவான வெப்ப மூலம், விரிசல் விட்ட பாறை, அந்த விரிசல்களில் ஓடும் நீர், மேலே அதை அடைத்துப் பிடிக்கும் களிமண் மூடி. ஓல்காரியாவில் நான்கும் இருக்கின்றன. கிழக்கு ஆப்பிரிக்கப் பிளவுப் பள்ளத்தாக்கில் நிலத்தட்டு இழுபட்டு மெலிந்துகொண்டே வருகிறது. அந்த மெலிவின் வழியே பாறைக்குழம்பு மேலே நெருங்கி நிற்கிறது. அங்குள்ள ஓலோல்புட்டோட் எரிமலைக் குழம்பு ஓடி உறைந்து சில நூறு ஆண்டுகளே ஆகின்றன. இருபுறமும் உயர்ந்த சரிவுகளில் பெய்யும் மழை பிளவுகள் வழியே அடிக்கு இறங்கிச் சூடேறுகிறது.

இந்த நான்கில் ஆட்களை ஏமாற்றுவது விரிசல்தான். சூடு இருந்தும் விரிசல் இல்லாத கிணறு வெறும் சூடான ஓட்டை. பாறை வெப்பத்தை மிக மெதுவாகவே கடத்தும். சுடுநீர் ஓடி வந்து கிணற்றில் விழுந்தால்தான் வெப்பம் மேலே வரும்.

படி 1: நடந்து பார்ப்பது

முதல் வேலைக்குக் காலும் வெப்பமானியும் போதும். நீராவி கசியும் துளைகள், வெந்நீர் ஊற்றுகள், புல் முளைக்காத சூடான தரை, கந்தகப் படிவு, வெந்து வெளுத்துக் களிமண்ணாகிப் போன பாறை என்று ஒவ்வொன்றையும் வரைபடத்தில் குறிக்க வேண்டும். குறித்த புள்ளிகள் ஒரே கோட்டில் விழுந்தால் அங்கே அடியில் ஒரு பிளவு ஓடுகிறது என்று கொள்ளலாம். பின்னால் கிணற்றுக்கு இடம் பார்க்கும்போது இந்தக் கோடுதான் கை கொடுக்கும்.

உள்ளூர்க்காரர்களிடம் கேட்பதும் இந்தப் படியிலேயே நடக்க வேண்டும். ஓல்காரியாவுக்குப் பக்கத்தில் எபுர்ரு என்று ஒரு மலை. அங்கே ஆறோ ஏரியோ அருகில் இல்லை. நிலத்திலிருந்து வரும் நீராவியைக் குழாயில் பிடித்துக் குளிரவைத்து, சொட்டுச் சொட்டாகச் சேர்த்து மக்கள் குடிநீராக்கிக்கொண்டார்கள். பூச்சிக்கொல்லி மருந்துக்காக வளர்க்கும் பைரெத்ரம் பூக்களை உலர்த்தவும் அதே நீராவிதான். எந்தத் துளையில் எந்த மாதம் ஆவி குறையும் என்பது அவர்களுக்குத் தெரியும். எந்தக் கருவியும் ஒரே வாரத்தில் இதைச் சொல்லிவிடாது.

வெந்நீர் ஊற்று இருந்தாலே மின்சாரம் வரும் என்று நினைத்துவிடக் கூடாது. திருகோணமலை கன்னியா ஏழு கிணறுகளின் நீர் குளிக்க இதமான சூட்டில் இருக்கும். ஆனால் இலங்கையின் அடிப்பாறை மிகப் பழைய உருமாறிய பாறை. கீழே இளம் எரிமலை ஏதும் இல்லை. மழைநீர் ஆழமான பிளவில் இறங்கி, சாதாரண நிலச்சூட்டில் வெதுவெதுப்பாகி மேலே வருகிறது. லடாக்கின் பூகா பள்ளத்தாக்கு வேறு ரகம். சுமார் 4400 மீட்டர் உயரத்தில் ஊற்றுகள் கொதிக்கின்றன, சுற்றிலும் போராக்ஸும் கந்தகமும் படிந்திருக்கின்றன. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை 1970களிலேயே அங்கே துளையிட்டது. ஆனால் போட்டவை எல்லாம் 400 மீட்டருக்குள் நின்ற ஆழம் குறைந்த துளைகள். 2021-ல் ஓ.என்.ஜி.சி. அங்கே திட்டத்துக்கு ஒப்பந்தம் போட்டது. பூகாவைப் போன்ற வளம் அரை நூற்றாண்டாகக் காத்துக் கிடப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

படி 2: நீரின் வேதியியல் வழியே அடிச்சூட்டை அறிவது

இந்தத் துறையிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. ஒரு புட்டி ஊற்றுநீரை வைத்துக்கொண்டு, இரண்டு கிலோமீட்டர் ஆழத்தில் எத்தனை டிகிரி என்று கணித்துவிடலாம்.

சூடு கூடக் கூட நீர் பாறையிலுள்ள குவார்ட்ஸ் என்ற கனிமத்திலிருந்து அதிகச் சிலிக்காவைக் கரைக்கும். நீர் வேகமாக மேலே வந்தால், குளிர்ந்த பிறகும் அந்தச் சிலிக்கா உடனே படியாமல் நீரிலேயே தங்கிவிடும். அளந்த சிலிக்கா லிட்டருக்கு 200 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். சூட்டைக் கணிக்க ஒரு சூத்திரம் உண்டு, கீழே வரும் 5.19-உம் 1309-உம் அதன் மாறிலிகள். 200-இன் லாக் 2.301. அதை 5.19-இலிருந்து கழித்தால் 2.889. 1309-ஐ 2.889-ஆல் வகுத்தால் 453. இது கெல்வின், 273 கழித்தால் 180 டிகிரி. ஊற்று 70 டிகிரியில் கொப்பளித்தாலும், அடியில் நீர் 180 டிகிரியில் இருந்திருக்கிறது என்று பொருள்.

இதை அப்படியே நம்பிவிடக் கூடாது. மேலே வரும் வழியில் குளிர்ந்த நிலத்தடி நீர் கலந்திருந்தால் சிலிக்கா நீர்த்துப்போய், கணக்கு குறைத்துக் காட்டும். அதனால் சோடியம், பொட்டாசியம் விகிதத்தைக் கொண்டு இன்னொரு கணக்கும் போட வேண்டும். இரண்டும் நெருங்கி வந்தால் தைரியமாக மேலே போகலாம். வெகுவாக விலகினால் ஏன் என்று தெரியும்வரை நகரக் கூடாது.

ஓல்காரியாவில் இன்னொரு சிக்கல். அங்கே மேலே வருவது பெரும்பாலும் வெறும் நீராவி. சிலிக்கா ஆவியோடு வராது. அப்படிப்பட்ட இடங்களில் நீராவியோடு வரும் கரியமில வாயு, ஹைட்ரஜன் சல்ஃபைடு, ஹைட்ரஜன் ஆகியவற்றின் அளவை வைத்துக் கணிக்க வேண்டும். மாதிரி எடுக்கும்போது ஹைட்ரஜன் சல்ஃபைடு விஷயத்தில் கவனம் தேவை. அழுகிய முட்டை வாடை அடிக்கும் வரை பிழைத்தோம். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது. பள்ளமான இடங்களில் அது தேங்கி நிற்கும். வாயு அளவி இல்லாமல் இறங்கவே கூடாது.

படி 3: நிலத்தின் மின்தடையைப் படிப்பது

சுடுநீர் பட்ட பாறை களிமண்ணாக மாறும். ஏறத்தாழ 200 டிகிரிக்குக் கீழே சிமெக்டைட் என்ற களிமண் உருவாகும். அது மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். அதற்கும் மேல் சூடேறினால் குளோரைட், எபிடோட் போன்ற கனிமங்கள் வரும். அவை அவ்வளவாகக் கடத்தாது. பூமியின் இயற்கையான மின்காந்த அலைகளை மேற்பரப்பில் அளந்து, அடியில் எங்கே மின்தடை குறைவு, எங்கே அதிகம் என்று படம் வரையலாம். மேக்னட்டோடெலூரிக் அளவீடு என்று இதற்குப் பெயர்.

படத்தில் தடை மிகக் குறைந்த இடத்தைப் பார்த்ததும் அங்கேதான் கிணறு என்று கை காட்டத் தோன்றும். அது மூடி. தேடும் சுடுநீர் அந்த மூடிக்குக் கீழே, தடை மறுபடி கொஞ்சம் ஏறும் இடத்தில் இருக்கும். மூடியின் அடிப்பக்கம் எங்கே மேல்நோக்கி வளைந்து கூரை போல நிற்கிறதோ, அங்கே சுடுநீர் மேலெழுந்து வருகிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

இந்தக் களிமண்ணும் கனிமங்களும் காட்டுவது ஒரு காலத்தில் இருந்த சூட்டை. வயல் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஆறிப்போயிருந்தாலும் எபிடோட் அங்கேயே கிடக்கும். அதனால் படி 2-இன் கணக்கும் படி 3-இன் படமும் ஒத்துப்போக வேண்டும். வேதியியல் இன்றைய சூட்டைச் சொல்லும்.

படி 4: நிலத்தில் வாழ்பவர்கள்

இந்தப் படியை எல்லோரும் கடைசிக்குத் தள்ளுகிறார்கள். ஓல்காரியா மாசாய் மக்களின் மேய்ச்சல் நிலம். ஓல்காரியா 4 நிலையத்துக்காக நான்கு குடியிருப்புகளை 2014-ல் வேறு இடத்துக்கு மாற்றினார்கள். புதிய வீடுகள் கட்டித் தந்தார்கள். ஆனால் கொடுத்த நிலத்தின் தன்மை, பட்டா, பாதை என்று பல குறைகளை மக்கள் எழுப்பினார்கள். கடன் கொடுத்த உலக வங்கியிடமும் ஐரோப்பிய முதலீட்டு வங்கியிடமும் முறையிட்டார்கள். அதன் பிறகுதான் சமரசப் பேச்சு நடந்தது.

துரப்பண இயந்திரம் ஊருக்குள் வருமுன் பட்டா யார் பெயரில் போகும், மேய்ச்சல் வழி எங்கே, சத்தமும் வாயுவும் எந்தப் பக்கம் காற்றில் போகும் என்பதையெல்லாம் எழுத்தில் முடித்துவிட வேண்டும். கிணறு வெற்றி பெற்ற பிறகு நிலத்தின் விலை மட்டுமல்ல, பேச்சின் தொனியும் மாறிவிடும். அப்போது நியாயமான பேரம் நடப்பது கடினம்.

படி 5: கிணறு போடுவது

போர்வெல் போடுவதைப் பார்க்காத தமிழ்நாட்டுக்காரர் குறைவு. திருச்செங்கோட்டு ரிக் வண்டி காற்றழுத்தச் சுத்தியலால் பாறையை அடித்து உடைத்துக்கொண்டு ஆயிரம் அடி இறங்குவதைப் பார்த்திருப்போம். மேலே மண் சரியாமல் கொஞ்சம் கேசிங் பைப். கீழே வெறும் பாறை. புவிவெப்பக் கிணறும் கேசிங் உள்ள துளைதான், ஆனால் ஆழம் 3000 மீட்டர், உள்ளே வரப்போவது 250, 300 டிகிரி நீர். அதனால் கேசிங்கின் வேலையே வேறாகிவிடுகிறது.

பெரிய விட்டத்தில் தொடங்கி, இறங்க இறங்கக் குறுகிக்கொண்டே போகும் அடுக்குக் குழாய்கள். 20 அங்குலம், 13⅜ அங்குலம், 9⅝ அங்குலம், கடைசியில் உற்பத்திப் பகுதியில் துவாரமிட்ட 7 அங்குலக் குழாய். மேலே உள்ள மூன்று குழாய்களுக்கும் பாறைக்கும் இடையே அடியிலிருந்து உச்சிவரை சிமெண்ட் நிரம்ப வேண்டும். ஏன் என்று பார்ப்போம். எஃகு ஒரு டிகிரிக்கு ஒரு மீட்டரில் 12 மைக்ரோமீட்டர் நீளும். 1000 மீட்டர் குழாய் 200 டிகிரி சூடேறினால் 2.4 மீட்டர் நீள வேண்டும். சிமெண்ட் இறுக்கிப் பிடிக்காவிட்டால் தலைவால்வையே மேலே தூக்கிவிடும். சிமெண்டுக்கு நடுவே கொஞ்சம் நீர் சிக்கியிருந்தால் இன்னும் மோசம்: சூடேறிய நீர் விரிய இடமில்லாமல் குழாயை உள்பக்கமாக நசுக்கிவிடும். பல மில்லியன் டாலர் செலவில் போட்ட கிணறு ஒரு வாளி நீரால் வீணாகலாம். சிமெண்ட் இடும் நாளில் அவசரப்படுத்தும் மேலாளரின் பேச்சைக் கேட்கவே கூடாது.

மேல்பகுதியைத் துளையிடும்போது பெண்டோனைட் என்ற களிமண்ணைக் கரைத்த சேறு ஓடும். உற்பத்திப் பகுதிக்குள் நுழைந்ததும் சேற்றை நிறுத்திவிட்டு, நீரும் காற்றும் நுரையும் கொண்டு இறங்குவார்கள். சேறு போனால் நமக்கு வேண்டிய விரிசல்களையே அது அடைத்துவிடும். உள்ளே விட்ட நீர் திரும்பி வராமல் எங்கோ காணாமல் போனால், எண்ணெய்க் கிணற்றில் அது தலைவலி. இங்கே அதைப் பார்த்ததும் புவியியலாளர் முகம் மலரும். விரிசல் கிடைத்துவிட்டது!

அவர் துளையோரத்தில் இரண்டு மீட்டருக்கு ஒருமுறை பாறைத் தூளை அள்ளிக் கழுவி நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருப்பார். மஞ்சள் கலந்த பச்சையாக எபிடோட் துணுக்கு தெரியத் தொடங்கினால் 240 டிகிரியை ஒட்டிய பகுதிக்குள் வந்தாயிற்று. உற்பத்திக் கேசிங்கை எங்கே நிறுத்துவது என்பதை அந்தத் துணுக்குகளை வைத்தே முடிவு செய்வார்கள். உயரமாக நிறுத்தினால் மேலே உள்ள குளிர்ந்த நீர் கிணற்றில் கலந்துவிடும்.

பணத்தைப் பொறுத்தவரை ஆபத்து முழுக்க இந்தப் படியில்தான் குவிகிறது. முதல் சில கிணறுகள் தவறிப்போகும் வாய்ப்பு கணிசமானது. அதற்கு வங்கி கடன் தராது. கென்யா 2008-ல் புவிவெப்ப வளர்ச்சிக்கென்றே ஓர் அரசு நிறுவனத்தை அமைத்து, ஆய்வுக் கிணறுகளின் சுமையை அரசே ஏற்றது. தனியார் நிறுவனங்கள் நீராவி உறுதியான பிறகு நிலையம் கட்ட வந்தால் போதும். இந்த ஏற்பாடு இல்லாத நாடுகளில் அறிக்கைகள் பெருகும், கிணறுகள் பெருகாது.

படி 6: கிணற்றைச் சோதிப்பது

துளையிட்டதும் கிணறு குளிர்ந்து கிடக்கும். அவ்வளவு குளிர்நீரை உள்ளே விட்டிருக்கிறோம். வால்வை மூடி வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில், தானாகச் சூடேற விட வேண்டும். இடையிடையே வெப்பமானியை இறக்கி ஆழவாரியாகச் சூட்டைக் குறிக்க வேண்டும். அப்புறம் திறந்தால் சில கிணறுகள் தாமே பொங்கும். பொங்காதவற்றில் மேலிருந்து காற்றை அழுத்தி நீர்மட்டத்தைச் சூடான பகுதிக்குத் தள்ளி, சட்டென்று விடுவிப்பார்கள்.

பொங்கியதும் அவசரப்பட்டுக் கணக்குச் சொல்லக் கூடாது. முதல் நாள் அளவும் மூன்றாம் மாத அளவும் ஒன்றாக இருப்பது அரிது. ஓட்டம் நிலைப்படும் வரை ஓட விட்டு, நீரையும் ஆவியையும் தனித்தனியே அளக்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. 250 டிகிரி நீர் மணிக்கு 100 டன் வருகிறது. அதை 159 டிகிரியில், அதாவது சுமார் 6 பார் அழுத்தத்தில் பிரித்தால் ஐந்தில் ஒரு பங்கு, 20 டன், நீராவியாகும். ஒரு மெகாவாட்டுக்கு மணிக்கு 7 முதல் 9 டன் நீராவி தேவை. ஆக இந்தக் கிணறு இரண்டரை மெகாவாட்டை ஒட்டித் தரும். மீதி 80 டன் கொதிநீர் கையில் நிற்கிறது. இந்த 80 டன் பின்னால் மறுபடி வரும்.

படி 7: எவ்வளவு பெரிய நிலையம்?

ஒரு கன கிலோமீட்டர் சூடான பாறையை எடுத்துக்கொள்வோம். அதை ஒரு டிகிரி குளிர்வித்தால் சுமார் 2.7 × 10¹⁵ ஜூல் வெப்பம் வரும். 100 டிகிரி குளிர்வித்தால் அதன் நூறு மடங்கு. விரிசல் எட்டும் பகுதியிலிருந்து மட்டுமே வெப்பம் வெளியே வரும். அதற்குப் பத்து விழுக்காடு வைப்போம். அதில் 12 விழுக்காடுதான் மின்சாரமாகும். 30 ஆண்டுக்கு வகுத்தால் கன கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 3.4 மெகாவாட் வருகிறது. பத்துச் சதுர கிலோமீட்டர் பரப்பும் இரண்டு கிலோமீட்டர் தடிமனும் உள்ள வயல் என்றால் 68 மெகாவாட்.

இதில் பத்து விழுக்காடு என்று போட்டது வெறும் அனுமானம். அதை இருபதாக்கினால் நிலையம் இரண்டு மடங்காகிவிடும். யாராவது பெரிய எண்ணோடு வந்தால் முதலில் இந்த ஓர் இலக்கத்தைக் கேளுங்கள். ஓல்காரியாவில் தொடக்கத்தில் 15 மெகாவாட், 1985-க்குள் 45 என்று படிப்படியாக ஏறினார்கள். ஒவ்வொரு படியிலும் வயல் எப்படி எதிர்வினை செய்கிறது என்று பார்த்துவிட்டு அடுத்த படிக்குப் போவதே சரியான முறை.

நிலையத்தின் வகையை வயலே தீர்மானிக்கும். இத்தாலியின் லார்டெரெல்லோ போல உலர்ந்த நீராவி வந்தால் நேராக டர்பைனுக்கு விடலாம். அங்கே 1904-லேயே ஐந்து விளக்குகளை எரியவைத்தார்கள். நீரும் ஆவியும் கலந்து வந்தால் பிரித்துவிட்டு ஆவியை எடுக்க வேண்டும். 170 டிகிரிக்குக் கீழே என்றால், குறைந்த சூட்டில் கொதிக்கும் வேறொரு திரவத்துக்கு வெப்பத்தை மாற்றி, அதன் ஆவியால் டர்பைனைச் சுற்றலாம்.

படி 8: தண்ணீரைத் திருப்பித் தருவது

அந்த 80 டன் நீருக்கு வருவோம். அதை இன்னும் குளிர்வித்து மிச்ச வெப்பத்தையும் எடுத்துவிடலாமே என்று தோன்றும். 250 டிகிரியில் நீர் கிலோவுக்குச் சுமார் 490 மில்லிகிராம் சிலிக்கா வைத்திருந்தது. ஆவி பிரிந்த பிறகு மீதி நீரில் அது 610 ஆகச் செறிகிறது. குளிரும்போது அது குவார்ட்சாக அல்ல, படிகமாகாத சிலிக்காவாகவே படியும், அந்த வகை குவார்ட்சைவிட எளிதில் கரையும். அதனால் 159 டிகிரியில் 670 வரை கரைந்திருக்கும், பிரச்சினை இல்லை. 100 டிகிரிக்குக் குளிர்வித்தாலோ 360 மட்டுமே தாங்கும். மிச்சம் குழாயிலும் திருப்பிச் செலுத்தும் கிணற்றிலும் கண்ணாடி போலப் படிந்து அடைக்கும். எங்கே நிறுத்துவது என்று சிலிக்காதான் சொல்ல வேண்டும்.

நீரைத் திருப்பிச் செலுத்தாத வயல்களின் கதி பதிவாகியிருக்கிறது. நியூசிலாந்தின் வைராக்கேயில் 1958 முதல் நீரை எடுத்து ஆற்றில் விட்டார்கள். ஓரிடத்தில் நிலம் 15 மீட்டர் அளவுக்கு அமிழ்ந்தது. அருகிலிருந்த பீச்சு வெந்நீர் ஊற்றுகள் அடங்கிப்போயின. கலிஃபோர்னியாவின் கெய்சர்ஸ் வயலில் 1980களில் ஆளாளுக்கு நிலையம் கட்டினார்கள். அந்தப் பத்தாண்டின் இறுதியிலேயே நீராவி அழுத்தம் விழத் தொடங்கியது. பாறையில் சூடு அப்படியே இருந்தது, நீர்தான் தீர்ந்துகொண்டிருந்தது. 1997-லும் 2003-லும் பக்கத்து ஊர்களின் சுத்திகரித்த கழிவுநீரைப் பல மைல் குழாயில் கொண்டுவந்து பூமிக்குள் விட்ட பிறகு சரிவு மட்டுப்பட்டது.

திருப்பிச் செலுத்தும் கிணற்றை உற்பத்திக் கிணற்றுக்கு மிக அருகில் வைத்தால், குளிர்நீர் குறுக்கு வழியில் ஓடிவந்து உற்பத்தியைக் கெடுக்கும். வெகு தொலைவில் வைத்தால் அழுத்தத்துக்கு உதவாது. அடையாளப் பொருள் ஒன்றைக் கலந்து விட்டு, எந்தக் கிணற்றில் எத்தனை நாளில் தலைகாட்டுகிறது என்று பார்த்து இடத்தை முடிவு செய்ய வேண்டும்.

விரிசல் இல்லாத சூடான பாறையை உயர் அழுத்த நீரால் பிளந்து செயற்கை வயல் உண்டாக்கும் முறையில் கவனம் இன்னும் பல மடங்கு தேவை. சுவிட்சர்லாந்தின் பாசலில் 2006-ல் 3.4 அளவில் நிலம் அதிர்ந்து திட்டம் நின்றது. தென்கொரியாவின் போஹாங்கில் 2017-ல் 5.5 அளவு நிலநடுக்கம் வந்து மக்கள் காயமடைந்தார்கள். திட்டம்தான் அதைத் தூண்டியது என்று அரசு அமைத்த குழுவே சொன்னது. அதிர்வுமானிகளைத் துளையிடும் முன்பே நட்டு, எந்த அளவு தாண்டினால் பம்பை நிறுத்துவது என்று எழுதிவைத்து, அதை ஊராருக்கும் தெரிவித்துவிட வேண்டும்.

நிலையம் ஓடத் தொடங்கியதும் ஒவ்வொரு கிணற்றின் தலை அழுத்தம், ஓட்டம், சிலிக்கா, குளோரைடு (நீரில் கரைந்த உப்பின் ஒரு கூறு) ஆகியவற்றை ஒழுங்காகப் பதிவு செய்துகொண்டே வர வேண்டும். குளோரைடு குறைந்தால் எங்கிருந்தோ நன்னீர் கலக்கிறது. சிலிக்கா குறைந்தால் சூடு குறைகிறது. உற்பத்தி விழுவதற்குப் பல மாதங்கள் முன்பே இந்த எண்கள் சொல்லிவிடும். ஆண்டுதோறும் கிணறுகள் கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும் என்பதால், ஈடுகட்டும் கிணறுகளுக்கான இடத்தையும் பணத்தையும் நிலையத்தின் முதல் வரவு செலவுத் திட்டத்திலேயே ஒதுக்கிவைக்க வேண்டும்.